தங்கம்மையின் காலடிக் கணக்கு

சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் தக்கலைப் பக்கம் புது வீடு கட்டினோம். என் மனைவி தங்கம்மைக்கு வைசூரியில் பார்வை போய்விட்டது. பழைய வீட்டில் அவளுக்கு எல்லாம் காலடிக் கணக்குதான். அடுக்களை வாசலிலிருந்து ஒன்பது காலடி வைத்தால் துணி துவைக்கிற கல்.

பார்வையில்லாதவளுக்கு எதற்கு அலைச்சல் என்று புது மனைக்கு ஒருநாளும் அவளைக் கூட்டிவரவில்லை. வீட்டு வேலைக்குத் தண்ணீர் வேண்டுமென்று கிணற்றை முதலில் தோண்டினோம். அதன் கைப்பிடிச் சுவரைக் கடைசியில் கட்டலாமென்று விட்டுவைத்திருந்தேன்.

பால்காய்ச்சுக்கு மறுநாள் காலை, அழுக்குத் துணியோடு அவள் புறவாசலில் இறங்கினாள். பழைய வீட்டுப் பழக்கத்தில் வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தாள்.

"ஆறு... ஏழு..."

ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். இன்னும் இரண்டு காலடியில் கிணறு.

"ஏன் இப்பிடி இழுக்கிதிய?" என்று கேட்டாள். சொன்னேன்.

"எனக்குக் கண்ணுதான் இல்ல. காலு இருக்குல்லா? கெட்டுறதுக்கு முன்ன ஒருநா கூட்டிட்டு வந்து நடக்க விட்டிருக்கலாம்."

அன்றைக்கே கொத்தனாரை அழைத்துக் கைப்பிடிச் சுவரை எழுப்பினேன்.

இப்போது மாட்டுக்குத் தொழுவம் கட்டப் போகிறோம். ஆசாரி அளவுகோலோடு வந்து காத்திருக்கிறார். தங்கம்மை நடந்து பார்த்து, "சரி" என்று சொன்ன பிறகுதான் முளை அடிப்போம்.