கத்திரி படுவதற்கு முன்

முதல் நாள் சொன்னது

தாம்பரத்தில் அந்த நகைக்கடையில் சேர்ந்த முதல் நாள், சூப்பர்வைசர் இளங்கோ வைரப் பிரிவுப் பெண்களை வரிசையாக நிற்கவைத்துப் பேசினார்.

"கஸ்டமர் உக்காந்த உடனே காபி குடுங்க. பழைய நக மாத்தறாங்களான்னு கேளுங்க. மாத்தறாங்கன்னா உடனே வாங்கி உள்ள அனுப்பிடுங்க. நக உள்ள போச்சுன்னா, கஸ்டமர் வெளிய போக மாட்டாங்க."

எனக்கு அது புதிதாக இல்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் நான். பம்மலில் தோல் கம்பெனி, பொழிச்சலூரில் அப்பளக் கம்பெனி, குரோம்பேட்டையில் ஜவுளிக்கடை என்று சுற்றிவிட்டு நகைக்கடைகளுக்கு வந்தேன். ஓரிடத்தில் எனக்குக் கால் தரிக்காது. சில இடங்களில் நானே கிளம்பினேன், சில இடங்களில் கிளப்பிவிட்டார்கள். வேலையில்லாத மாதங்களில் ரேஷன் அரிசிக் கஞ்சி. அதில் சொல்ல ஒன்றுமில்லை. பல கடை மாறியதில் ஒரு லாபம் உண்டு. ஒரு கடையில் சொல்லாமல் விடுவதை அடுத்த கடையில் தெரிந்துகொண்டேன்.

எல்லாக் கடையும் ஏமாற்றும் என்று நான் எழுதவில்லை. ஒழுங்காக நடக்கும் கடைகளிலும் நின்றிருக்கிறேன். இரண்டையும் பிரித்துப் பார்க்க என்ன கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் வெட்டுகிறார்கள்

பழைய நகையைக் கொடுத்துப் புதியது வாங்கும்போது, கடைக்காரர் அதன் டச் பார்ப்பார். எவ்வளவு சுத்தமான தங்கம் என்பதற்குத் தொழிலில் டச் என்று பெயர். மெஷினில் வைத்தால் மேல்பரப்பை மட்டும்தான் காட்டும். உள்ளே இணைப்புகளைப் பற்றவைக்கப் போட்ட பொடி எவ்வளவு, அரக்கு அடைத்திருக்கிறதா என்பதெல்லாம் வெட்டி உருக்கினால்தான் தெரியும். அதனால் வெட்டுவது தப்பில்லை.

எப்போது வெட்டுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெட்டிய செயினை மறுபடி கழுத்தில் போட முடியாது. துண்டுகளை வேறு கடைக்குக் கொண்டுபோனால் மேலும் கீழும் பார்ப்பார்கள். அதனால் பேரம் முடிவதற்குள் வெட்டிவிட்டால், அவர்கள் சொல்லும் விலைக்கு நீங்கள் தலையாட்ட வேண்டியதுதான்.

கஸ்தூரி அக்கா வந்த நாள்

கஸ்தூரி அக்காவுக்குக் கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் பக்கம் டிபன் கடை. மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஏழு கல் வைத்த வைரத் தோடு கேட்டிருந்தார்கள். அக்காவின் கழுத்தில் ஓர் இரட்டைவடச் செயின். இட்லி விற்றுச் சேர்த்து வாங்கியது. அதை விட்டால் வீட்டில் வேறு தங்கம் கிடையாது.

உட்கார்ந்ததும் ஏசிக் குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"இன்னாமே இப்டி குளுருது? உள்ள மாவு அரைச்சி வெச்சிக்கீறாங்களா, பொங்கிடப் போவுதுன்னு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சும்மா இருங்கக்கா, சூப்பர்வைசர் பாக்கறாரு."

"சிரிச்சா சேதாரம் ஏத்திடுவாரா?"

தோடுகளை எடுத்து வைத்தேன். விளக்குக்குக் கீழே எல்லாம் பளபளத்தன. அக்கா ஒன்றைக் கையில் எடுத்தார்.

"இந்த லைட்ல என் எவர்சில்வர் டம்ளர வெச்சாக்கூட வைரமாத்தான் தெரியும். வெளிச்சத்துல காட்டு."

ஜிஎஸ்டி ரோட்டைப் பார்த்த கண்ணாடிப் பக்கம் தட்டை எடுத்துப் போனேன். கடை விளக்கின் பளபளப்பு பகல் வெளிச்சத்தில் அடங்கிய பிறகு தெரிவதுதான் கல்லின் உண்மையான தரம். தோட்டைத் திருப்பிப் பின்பக்கமும் காட்டினேன். பின்னால் திறந்திருந்தால் கல்லின் அடி தெரியும். மூடியிருந்தால் உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தோடு திறந்த வேலை. அக்காவுக்குப் பிடித்துவிட்டது.

அதற்குள் இளங்கோ வந்தார். காபியும் வந்தது.

"அக்கா, செயின கழட்டிக் குடுங்க. மெஷின்ல டச் பாத்துட்டு வந்துடறோம். நீங்க காபி குடிங்க."

செயின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனது. அங்கே பழைய தங்கம் பார்க்கும் பாபு அண்ணன் உட்கார்ந்திருப்பார். இளங்கோ கால்குலேட்டரைத் தட்டத் தொடங்கினார். தோட்டின் முழு எடையையும் தங்க விலையால் பெருக்கினார். அதன் மேல் வைரத்தின் விலை, அதன் மேல் சேதாரம்.

தோட்டில் கட்டிய சீட்டில் கல்லின் எடை தனியாக இருந்தது. வைரத்துக்குத் தனி விலை போட்டால் அந்த எடையைத் தங்கத்திலிருந்து கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் ஒரே கல்லுக்கு வைர விலையும் கொடுக்கிறோம், தங்க விலையும் கொடுக்கிறோம்.

"சார், கல் எடைய கழிக்கல," என்றேன் மெதுவாக.

"ஏழு கல்லு, தூசி. நீ போய் பாக்ஸ் எடு."

அக்காவின் காது கூர்மை. "சரி தம்பி, நாளைக்கு இத்த திருப்பி எட்டாந்தா எப்டி எடுப்ப?"

"அப்ப கல்ல கழிச்சிட்டுத்தாங்க்கா தங்கத்துக்குப் போடுவோம். வைரத்துக்கு எங்க ரேட்டு. அது கம்பெனி ரூல்."

"நீ விக்கச்சொல்ல கல்லு தங்கம், நான் குடுக்கச்சொல்ல கல்லு கல்லா? நான் வடைல இருக்கற ஓட்டையும் எட போட்டு வித்தா நீ துன்னுட்டுப் போவியா?"

பக்கத்துக் கவுன்ட்டரில் நகை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். இளங்கோவின் முகம் மாறியது, குரல் மாறவில்லை.

"அக்கா, டென்ஷன் ஆவாதீங்க. செயின வெட்டி உருக்கட்டும். டச் நல்லா வந்தா நான் பாத்துப் போட்டுத் தரேன்."

"வெட்டறதா? மெஷின்ல வெக்கறன்னு தானே சொன்ன?"

"எல்லாக் கடையிலயும் வெட்டுவாங்கக்கா." சொல்லிக்கொண்டே கண்ணாடிப் பக்கம் பார்த்துத் தலையை அசைத்தார்.

பாபு அண்ணன் கத்திரியை எடுத்தார். அக்கா எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது பழக்கமில்லாத இடம். எனக்குப் பழகிய இடம்.

"பாபு அண்ணா, வெட்டாதீங்க! வெல பேசி முடியல!"

கடை முழுக்கக் கேட்டது. பாபு அண்ணன் கை நின்றது.

"ஏய், நீ யார் பக்கம்?" என்றார் இளங்கோ.

"கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம்தான் சார். அதுக்காக பேரம் முடியறதுக்குள்ள அவங்க நகைய வெட்டலாமா?"

பாபு அண்ணன் செயினை எடுத்து வந்து அக்காவின் கையிலேயே கொடுத்தார். "பேசி முடிஞ்சிதுன்னு சார் தலையாட்டினாரும்மா. இல்லன்னா நான் தொட மாட்டேன்."

அக்கா செயினைப் போட்டுக்கொண்டு, ஆறிய காபியைத் தள்ளி வைத்தார். "குளுந்துபோச்சு. உங்க கட மாதிரியே."

இளங்கோ என்னைப் பார்த்தார். "நாளைலேந்து வராத."

"நாளைக்கு வரைக்கும் எதுக்கு சார்? புடவைய மடிச்சி வெச்சிட்டு இப்பவே போறேன்."

கடைப் புடவையை மாற்றிக்கொண்டு என் சுடிதாரில் இறங்கினேன். படிக்கட்டுக்குக் கீழே அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"வேல போச்சா?"

"போச்சுக்கா."

"போவட்டும். ஒழுங்கான கட எதுன்னு உனுக்குத் தெரியும் இல்ல? காட்டு."

போகிற வழியில், ஹால்மார்க் நம்பரை போன் ஆப்பில் போட்டுச் சரிபார்ப்பது வரை சொல்லிவைத்தேன். இன்னொன்றும் சொன்னேன். வைரம் பார்க்கும் டெஸ்டர் பீப் அடித்தால் மட்டும் போதாது. லேபில் வளர்த்த வைரத்துக்கும் அது அடிக்கும். அதுவும் வைரம்தான், ஆனால் விலை வேறு. எது என்று சர்டிஃபிகேட்டில் எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாவது கடை

குரோம்பேட்டையில் நான் முன்பு வேலை செய்த சின்ன நகைக்கடை. நான் வாயே திறக்கவில்லை. அக்கா செயினைக் கழற்றாமல் பேசினார்.

"தோட்ட மொதல்ல எட போடு. கல்லு எடய கழி. சேதாரம் எவ்ளோ, செய்கூலி எவ்ளோ, தனித்தனியா எழுது. ஹால்மார்க் நம்பர போன்ல போட்டுக் காட்டு. கல்லு மண்ணுல எடுத்ததா, மெஷின்ல வளத்ததா? திருப்பிக் குடுத்தா எவ்ளோ புடிப்ப, அத்தயும் எழுது. என் செயினுக்கு இன்னா டச்சுக்கு இன்னா ரேட்டு, அதுவும் எழுது."

விற்பனைக்காரர் சிரித்தார். "எல்லாத்தையும் கேட்டுட்டீங்க, என் சம்பளத்தத் தவிர."

"அத்த உன் மொதலாளிகிட்ட நீ கேளு."

எல்லாம் எழுதி வந்தது. அக்கா நிறுத்தி நிறுத்திப் படித்தார். ஒரு இடத்தில் அடித்துத் திருத்தவும் வைத்தார். பிறகு செயினைக் கழற்றித் தட்டில் வைத்தார். பழைய தங்கம் பார்ப்பவர் கத்திரியை எடுத்துக்கொண்டு அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா கடைசியாக ஒருமுறை செயினை விரலால் தொட்டார்.

"இப்ப வெட்டு."

மகளின் நிச்சயதார்த்தத்துக்கு நான் போயிருந்தேன். தோடு நன்றாக இருந்தது. அக்காவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான்.

அதன் பிறகு நான் வேறு சில கடைகள் மாறிவிட்டேன். எங்கே போனாலும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: விலை முடியாமல் நகையை உள்ளே அனுப்ப மாட்டேன். சில முதலாளிகள் அன்றைக்கே அனுப்பிவிடுகிறார்கள். ஒப்புக்கொள்பவரிடம் நிற்கிறேன்.

வாங்கப் போகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன். கணக்கு முழுக்கக் காகிதத்தில் வரும் வரைக்கும் பழைய நகை உங்கள் உடம்பிலேயே இருக்கட்டும். அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். காபி குடித்துவிட்டோமே என்று யாரும் நகை வாங்க வேண்டியதில்லை.