சிவப்பழகு கேட்டு வந்தவர்கள்

மருந்துக்கடை வேலை என்றால் நோயாளிகளுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது என்றுதான் பார்மசி படிக்கும்போது நினைத்திருந்தேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கடை, அப்புறம் சிதம்பரத்தில் ஒரு கடை என்று கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய பிறகுதான் புரிகிறது. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உடம்பில் ஒன்றுமே இல்லை. போனில் எவளையோ எவனையோ பார்த்துவிட்டு, தன் முகமே ஒரு வியாதி என்று முடிவுகட்டி வந்து நிற்கிறார்கள். இதே தொழிலில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லித்தானே ஆற்றிக்கொள்ள வேண்டும்.

அட்டைப் பெண்

மஞ்சக்குப்பம் கடைக்கு ஒரு கிரீம் கம்பெனியின் பிரதிநிதி வந்தார். ஆளுயர அட்டைப் பெண் ஒருத்தியைத் தோளில் சாய்த்துத் தூக்கி வந்து, நான் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நிறம். கன்னத்தில் ஒரு மயிர்க்கால் கிடையாது. கடலூர் வெயிலில் அரை மணி நேரம் பஸ்ஸுக்கு நின்ற எந்த முகமும் அப்படி இருக்க முடியாது.

பிரதிநிதி நல்ல கறுப்பு, என்னை மாதிரியே. நாலே வாரத்தில் நிறம் மாறும் என்று மனப்பாடமாக ஒப்பித்து முடித்தார். "நீங்க போடறீங்களா சார்?" என்று கேட்டேன். கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

"நான் விக்கிறவன் மேடம், பூசிக்கிறவன் இல்ல."

மூட்டை தூக்கிய உடம்பு

அதே கடைக்கு அடிக்கடி வருகிற பிரபுவுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். செம்மங்குப்பம் தொழிற்பேட்டையில் லாரியில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. தோளும் கையும் முறுக்கின கயிறு மாதிரி இருக்கும். அவனுக்கு அது போதவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு எண்ணெய் பூசி நிற்கிற எவனோ ஒருத்தனின் படத்தைப் போனில் காட்டி, அந்த மாதிரி ஆக என்ன பவுடர் இருக்கிறது என்று கேட்பான். சோறு தின்னு என்று சொல்லி அனுப்புவேன்.

ஒரு நாள் மத்தியானம் அவன் சிநேகிதன் அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான். "தண்ணி கொறச்சா நரம்பு எடுப்பா தெரியும்னு வீடியோல சொன்னாங்களாம்க்கா. காலையிலேருந்து குடிக்கல. லாரிகிட்டயே சாஞ்சிட்டான்" என்றான். உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைப் பிரித்துக் கலக்கிக் கொடுத்தேன். கொஞ்சம் தெளிந்ததும், "நாள் பூரா மூட்டை தூக்கறியே, இதுக்கு மேல என்னடா உடம்பு வேணும்?" என்று திட்டினேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

"மூட்டை தூக்கி வர்ற உடம்ப யாருக்கா பாக்கறாங்க? ஜிம்முல தூக்கினாத்தான் லைக்கு விழுது."

ரேக்குக்குப் பின்னால்

அட்டைப் பெண்ணுக்குப் பக்கத்தில் நான் நின்றதில் ஒரு சிக்கல் வந்தது. மகளுக்கு வாங்க வந்த ஒரு அம்மா கிரீமைக் கையில் எடுத்தார். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். "கடையிலயே இருக்கு. அப்படியும் நீ இப்படியே இருக்கியேம்மா" என்று வைத்துவிட்டுப் போய்விட்டார். கல்லாவில் இருந்த முதலாளி காதில் இது விழுந்தது.

அடுத்த வாரமே வெளுப்பாக ஒரு புதுப் பெண் முன்னால் நின்றாள். எந்த மாத்திரை எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. பாவம், அவள்மேல் எனக்குக் கோபமில்லை. என்னை ரேக்குக்குப் பின்னால் போய்ப் பெட்டி பிரிக்கச் சொன்னார்கள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தேன். சாப்பிட முடியாமல் மூடி வைத்தேன். சாயங்காலம் போய் வேலையை விடுகிறேன் என்றேன். முதலாளி உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஆறுதல் சொல்வதாகவே நினைத்துக்கொண்டு சொன்னார்:

"தப்பா எடுத்துக்காதம்மா. உன் மூளைக்கு ஒரு கொறையும் இல்ல. முன்னால நிக்கறதுக்கு மூளை தேவையில்லன்னுதான்."

புவனகிரி சத்யா

இப்போது சிதம்பரம் கடையில் முன்னால்தான் நிற்கிறேன். அட்டை வைக்க இங்கே இடமில்லை, நல்லவேளை. புவனகிரியிலிருந்து ஒரு அம்மாவும் காலேஜ் கடைசி வருஷம் படிக்கிற அவர் மகள் சத்யாவும் வந்தார்கள். காலி டியூப் ஒன்றைக் காட்டி இன்னொன்று கேட்டார்கள். அது தோல் வியாதிக்கு டாக்டர் சொன்னால் சில நாள் மட்டும் போடுகிற மருந்து. ரீல்ஸில் எவளோ ஒருத்தி, இதைப் பூசினால் வெளுக்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். சத்யா மாசக்கணக்கில் பூசியிருக்கிறாள். கன்னம் வெந்தது மாதிரி இருந்தது. தாடையில் பூனைமுடி முளைத்திருந்தது. வெயில் பட்டால் எரியுது என்றாள். சிவப்பு கேட்ட பெண்ணுக்கு ஒரு வழியாகச் சிவப்பு கிடைத்திருந்தது.

தர முடியாது, தோல் டாக்டரைப் பாருங்கள் என்றேன். "ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வராங்க. அதுவரைக்குமாவது குடு" என்றார் அம்மா. கொடுக்கவில்லை. முனகிக்கொண்டே போனார்.

சில வாரம் கழித்து, டாக்டர் சீட்டோடு இரண்டு பேரும் வந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அம்மாதான் சொன்னார். மாப்பிள்ளையின் அக்கா, எதிரே காபித் தட்டோடு நின்ற சத்யாவை நேராகப் பார்த்து, "போட்டோல இருந்த பொண்ணு உள்ள இருக்காங்களா?" என்று கேட்டாளாம். "நாங்கதான் போட்டோவ வெளுப்பாக்கி அனுப்பிட்டோம்" என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சத்யா அழவில்லை. கன்னத்தில் சொந்த நிறம் திட்டுத்திட்டாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மருந்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"அந்த மாப்பிள்ளையும் போட்டோல வேற ஆளாத்தான்க்கா இருந்தாரு. எங்க வீட்ல யாரும் அதக் கேக்கல."

இப்போதெல்லாம் இருமலுக்கு மருந்து கேட்டு ஒருத்தர் வந்தால் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருக்கிறது, அவருக்காவது நிஜமாகவே ஒரு வியாதி இருக்கிறது.