இருபத்து மூன்றாவது பொத்தான்

காலைச் சாப்பாட்டுத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, விசிலம்மா பொத்தான் டப்பாவை மேஜைமேல் கவிழ்க்கிறார். நான்கு துளைப் பொத்தான் என்றால் ஆட்டக்காரர், இரண்டு துளை என்றால் ரசிகர். விரித்து வைத்த காகிதத்தில் ஒரு கூடைப்பந்து ஆடுகளம், அடிக்கோல் வைத்து, அளவு பிசகாமல் பென்சிலால் வரைந்தது. மடிக்கணினியைப் பார்க்கிறார், ஒரு பொத்தானை நகர்த்துகிறார், மறுபடி பார்க்கிறார். பெரிய பச்சைப் பொத்தான் ஒன்று கூடைக்கு அடியிலிருந்து புறப்பட்டு, ரசிகர் பகுதியில் மூன்றாவது வரிசை வரை ஏறிப் போகிறது. அதுதான் ஏழாம் எண். ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடும் ஆட்டக்காரர்.

"என்னங்க, இந்தப் பச்சையைத் திருப்பித் தர நாளாகும். வேற போட்டுத் தைச்சுக்குங்க" என்கிறார் கணவரிடம்.

கணவர் தையல்காரர். டப்பா அவருடையது. "எவனோ எவன் மூக்கையோ உடைச்சதுக்கு என் பொத்தானைப் பிடிச்சு வச்சா எப்படி?" என்று முணுமுணுத்துக்கொண்டே தையல் இயந்திரத்தின் பக்கம் திரும்பிவிடுவார். பதினோரு வருடமாக நடக்கிற வழக்கு இது. தீர்ப்பு ஒருமுறைகூட அவர் பக்கம் வந்ததில்லை.

விசிலம்மா பதினெட்டு வருடம் கூடைப்பந்து நடுவராக இருந்தவர். இப்போது லீக்கின் ஒழுங்கு நடவடிக்கை அதிகாரி. ஆட்டத்தில் அடிதடி நடந்தால், எந்த ஆட்டக்காரருக்கு எத்தனை ஆட்டம் தடை, எந்த ரசிகருக்கு எத்தனை வருடம் அரங்கின் கதவு சாத்தப்படும் என்று தீர்மானிக்கிற வேலை. ஆட்டக்காரர்கள் முதலில் முதுகுக்குப் பின்னால்தான் விசிலம்மா என்று கூப்பிட்டார்கள். அவர் முகம் சுளிக்காததால் பெயர் முன்வாசல் வழியாகவே வந்து உட்கார்ந்துவிட்டது. விசில் ஓய்வு பெற்றுவிட்டது, அதன் சிவப்புக் கயிறு மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது. ஒருநாள் வலது ஷூவின் நாடா அறுந்துபோக, அவசரத்துக்கு அந்தக் கயிற்றைக் கோத்துக் கட்டினார். இடது காலில் கறுப்பு, வலது காலில் சிவப்பு. கடையில் நாடா கிடைக்காதா என்று கேட்டால், "இது அறுந்தா மாத்திக்கலாம்" என்பார். அது அறுகிற ஜாதி இல்லை.

ஆட்டத்தில் நடந்த சண்டையின் வீடியோவைச் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார். "சத்தம் கேட்டா மனசு கத்துறவன் பக்கம் சாஞ்சிரும்" என்பது அவர் கட்சி. ஒருமுறை ஓடவிட்டால் ஒரே ஓர் ஆளைத்தான் கவனிப்பார். அந்த ஆள் முதல் அடி எடுத்து வைத்ததிலிருந்து கடைசியில் எங்கே நின்றார் என்பது வரை. அப்புறம் படத்தைப் பின்னால் ஓட்டி அடுத்த ஆள். இருபத்திரண்டு பேர் என்றால் இருபத்திரண்டு தடவை. பெயர் எழுத மாட்டார், சட்டை எண்ணும் நாற்காலி எண்ணும்தான். முடிவான தடைக் கடிதத்தைத் தபாலிலும் அனுப்ப மாட்டார். ஆளைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, கையில் கொடுப்பார்.

வீட்டிலும் இதே சட்டம்தான். டிவி ரிமோட்டுக்காகக் கணவரும் மருமகனும் முட்டிக்கொண்டபோது இருவருக்கும் ஒரு வாரத் தடை விதித்துவிட்டு, அந்த ஒரு வாரமும் வானிலைச் செய்தி மட்டும் பார்த்தார். மருமகன் இன்றைக்கும் வருவதற்கு முன்னால் போன் போட்டு, "அத்தை, என் மேல தடை ஏதும் இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்.

இந்தமுறை விவகாரம் பெரியது. செவ்வாய்க்கிழமை அரையிறுதி. ஆட்டம் முடிய நாலு நிமிடம் இருக்கும்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குளிர்பானக் கப்பு பறந்து வந்து ஏழாம் எண்ணின் கழுத்தில் விழுந்தது. அவர் நாற்காலிகளின் மேல் தாவி ஏறிக் கையில் சிக்கிய ரசிகரை அடித்தார். ரசிகர்கள் கீழே இறங்கினார்கள். ஸ்கோர் மேஜை கவிழ்ந்தது. வயதான ஸ்கோர்காரர் கீழே விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். காலி அரங்கில் மிச்ச ஆட்டத்தை நடத்தி முடித்ததில் உள்ளூர் அணி மூன்று புள்ளியில் ஜெயித்தது. பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு இறுதி ஆட்டம், அதுவும் சொந்த அரங்கில், ஞாயிற்றுக்கிழமை. தடைப் பட்டியல் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போயாக வேண்டும்.

வியாழக்கிழமை விசாரணை. கப்பு எறிந்தவர் ஒரு பல் டாக்டர். மடிப்புக் கலையாத சட்டையும் பவ்யமுமாக வந்து உட்கார்ந்தார்.

"கை வழுக்கிருச்சு மேடம்."

"கை வழுக்கினா கப்பு கால்ல விழும் டாக்டர். இது பதினஞ்சு அடி பறந்திருக்கு. உங்க கை இப்படி வழுக்கும்னா நான் வாயைத் திறந்து உக்காரவே பயப்படுவேன்."

இரண்டு வருடத் தடை. டாக்டர் கடிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். ஏழாம் எண்ணுக்கு ஐந்து ஆட்டம். லீக்கின் செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். டிக்கெட் வாங்கியவர்களில் பாதிப் பேர் ஏழுக்காகத்தான் வருகிறார்கள் என்பது அவர் கவலை. "அடுத்த சீசன்ல இருந்து ஆரம்பிக்கலாமே மேடம்" என்றார். "அடியை அடுத்த சீசன்லயா சார் அடிச்சாரு?" என்று கேட்டுவிட்டு விசிலம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அடுத்த ஆள் பதினாலாம் எண். நாலு வருடமாக மாற்று ஆட்டக்காரர். பெஞ்சைத் தேய்த்ததுதான் அதிகம். ஏழு இல்லையென்றால் இறுதி ஆட்டத்தில் முதல் ஐவரில் ஒருவராக இறங்க வேண்டியவர் அவர்தான். ஆனால் சண்டையின்போது அவரும் பெஞ்சைவிட்டு எழுந்து ஆடுகளத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டியிருந்தார்.

கோடு தாண்டினால் ஒரு ஆட்டம் தடை, அரங்குக்குள்ளேயே வரக் கூடாது. இந்த விதியை எழுதியதே விசிலம்மாதான். அதற்கொரு காரணம் உண்டு. பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே போல ஒரு கைகலப்பு. பத்தொன்பது பேர் பெஞ்சிலிருந்தும் ஓரத்திலிருந்தும் உள்ளே ஓடினார்கள். கேட்டபோது பத்தொன்பது பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள், விலக்கிவிடத்தான் போனோம் என்று. அவர்கள் விலக்கிவிட்ட நெரிசலில் விசிலம்மாவோடு நின்ற துணை நடுவரின் முழங்கால் நொறுங்கியது. அவர் இன்றுவரை தடியில்லாமல் நடப்பதில்லை. அவரைப் பார்த்துவிட்டு மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே விசிலம்மா உட்கார்ந்து எழுதினார்: "சண்டையின்போது, களத்தில் ஆடிக்கொண்டிராத எவரும் கோட்டைத் தாண்டலாகாது. காரணம் கேட்கப்பட மாட்டாது."

பதினாலு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கைகள் பெரியவை, எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்திருந்தார்.

"நான் யாரையும் தொடக்கூட இல்லை மேடம். ஸ்கோர் சார் கீழ கிடந்தாரு. மிதிச்சிருவாங்கன்னு தூக்கப் போனேன். இன்னொரு பக்கம் நீங்கதானே பிடிச்சீங்க?"

"ஆமா, பிடிச்சேன்." அன்றைக்கு லீக்கின் பார்வையாளராக ஸ்கோர் மேஜைக்குப் பக்கத்தில்தான் அவர் உட்கார்ந்திருந்தார். "ஆனா நான் கோட்டுக்கு வெளிய நின்னு பிடிச்சேன். அவர் வெளியதான் கிடந்தார். நீங்க சுத்திக்கிட்டு உள்ள போயிருக்கீங்க."

"இல்லை மேடம். அவர் உள்ளதான் கிடந்தாரு."

"பதினாலு, பதினெட்டு வருஷம் இந்தக் கோட்டைப் பார்த்து வளர்ந்த கண்ணு இது. நீங்க தப்பாச் சொல்றீங்க."

பதினாலு எழுந்தார். கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். பிடித்த பையன்களுக்குத் தடை கொடுப்பது விசிலம்மாவுக்குப் புதிதல்ல. இருந்தாலும் அந்தக் கதவு சாத்தப்பட்ட விதம் அன்று முழுக்க அவர் மனதைவிட்டுப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் செயலாளரே வீட்டுக்கு வந்தார். அவர் வீட்டுக்கு வருகிறவர் அல்ல. மேஜையில் இருபத்திரண்டு பொத்தான்களும் இடத்தில் இருந்தன. நடுவில் ஸ்கோர்காரருக்காக, கணக்கில் சேராத ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தான். நாற்காலியின் முதுகில் புத்தம்புது நீலப் பிளேசர். இறுதி ஆட்டத்தில் கோப்பையை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் விசிலம்மா. அவர் முதன்முதலில் விசில் பிடித்ததும் அதே அரங்கில்தான். அந்தப் பிளேசர், கோப்பை கொடுப்பதற்காகக் கணவர் பத்து நாள் உட்கார்ந்து, தன் கையாலேயே பித்தளைப் பொத்தான் வைத்துத் தைத்தது.

"கூரைக் கேமரா படம் இப்பத்தான் வந்துச்சு மேடம்" என்று செயலாளர் போனை நீட்டினார்.

மேலிருந்து எடுத்த படம். முந்தைய படத்தில் கவிழ்ந்த மேஜை மறைத்திருந்த இடம் இதில் தெரிந்தது. கவிழ்ந்த மேஜை, தரையில் ஸ்கோர்காரர், ஒரு பக்கம் பதினாலு. ஸ்கோர்காரர் கிடந்தது கோட்டுக்கு உள்ளே. எதிர்ப்பக்கம் குனிந்து அவர் தோளைப் பிடித்திருக்கும் உருவத்தின் இடது ஷூவில் கறுப்பு நாடா. வலது ஷூவில் சிவப்பு. இரண்டு ஷூவும் கோட்டைத் தாண்டி ஓரடி உள்ளே இருந்தன.

விசிலம்மா படத்தைப் பின்னால் ஓட்டினார். மறுபடி பார்த்தார். நாலாவது தடவை போனை மேஜைமேல் வைத்தார். இருபத்திரண்டு தடவை இருபத்திரண்டு பேரைப் பார்த்தவர், அங்கே இருந்த ஒரே ஓர் ஆளைப் பார்க்காமல் விட்டிருந்தார். நினைவு சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்.

"இதை நாம ரெண்டு பேர்தான் பார்த்திருக்கோம்" என்றார் செயலாளர், குரலைத் தாழ்த்தி. "உதவி பண்ணப் போனவங்கன்னு ஒரு வரி சேர்த்துருவோம். நீங்களும் வெளிய வந்துருவீங்க, பாவம் அந்தப் பதினாலும் ஆடிருவான். யாருக்கும் நஷ்டமில்லை. விதியில எவரும்னு இருக்கிறது ஆட்டக்காரங்களைத்தானே?"

"அப்படி நினைச்சிருந்தா ஆட்டக்காரர்னு எழுதியிருப்பேன் சார்."

ஆசை இல்லாமல் இல்லை. அந்தப் பையன் ஆட வேண்டும் என்று அவருக்கு இருந்த ஆசை செயலாளருக்குக்கூட இருந்திருக்காது. தானும் அந்தப் பிளேசரைப் போட்டுக்கொண்டு அரங்கின் நடுவில் நிற்க வேண்டும் என்றும் இருந்தது. ஆனால் ஒருவருக்கு உதவி என்று வரி சேர்த்தால், அடுத்தமுறை உள்ளே ஓடுகிற பத்தொன்பது பேரும் அதே வரியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். தடி ஊன்றி நடக்கிற அந்த மனிதரின் முகத்தை அதற்கப்புறம் எப்படிப் பார்ப்பது?

"உங்களுக்கு யார் மேடம் தடை போடுறது?" என்று செயலாளர் கடைசி அம்பை விட்டார்.

"அந்த வேலைக்குத்தானே சார் எனக்குச் சம்பளம்?"

மடிக்கணினியை இழுத்துப் பட்டியலில் இருபத்து மூன்றாவது வரியைத் தட்டினார். எண் இல்லை, அதனால் பதவியைப் போட்டார். ஒரு ஆட்டம். அரங்குக்குள் நுழையத் தடை. கோப்பையை வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லிக் குறிப்பும் எழுதினார். மணி நாலரை. அனுப்பினார். செயலாளர் போனை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அவர் போனதும் விசிலம்மா பதினாலுக்குப் போன் போட்டார்.

"நேத்து நீங்க சொன்னதுதான் சரி. அவர் உள்ளதான் கிடந்தார். உங்களைத் தப்பாச் சொல்றீங்கன்னு சொன்னேனே, அது என் தப்பு. மன்னிச்சிருங்க."

"அப்ப என் தடை மேடம்?"

"இருக்கு. நீங்க கோட்டைத் தாண்டினது தாண்டினதுதான். எனக்கும் ஒண்ணு போட்டிருக்கேன்."

அவர் சிரிப்பாரா, கத்துவாரா என்று விசிலம்மாவுக்குத் தெரியவில்லை. போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை ஆட்டத்தை எங்க பார்ப்பீங்க?" என்று கேட்டார் பதினாலு.

"வீட்டுலதான். சத்தத்தை அணைச்சுட்டு."

"இந்த ஒரு ஆட்டத்துக்குச் சத்தம் வைங்க மேடம். நானும் வீட்டுலதான் பார்க்கப் போறேன்."

கணவர் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் பார்வை பிளேசரின் மேல் போய் நின்றது.

மேஜையில் பொத்தான் டப்பா திறந்தே கிடந்தது. உள்ளே இன்னும் நூற்றுக்கணக்கில் இருந்தன. விசிலம்மா அதில் கை வைக்கவில்லை. கணவரின் கத்தரிக்கோலை எடுத்து, நாற்காலியில் தொங்கிய பிளேசரின் முதல் பித்தளைப் பொத்தானை நூலோடு நறுக்கினார். வெள்ளைப் பொத்தானைப் பென்சில் கோட்டுக்கு உள்ளே நகர்த்தி, அதன் மறுபக்கத்தில், பதினாலுக்கு நேர் எதிரே, பித்தளைப் பொத்தானையும் உள்ளேயே கொண்டுபோய் வைத்தார்.