பல்லடம் போனது கணக்கில் வராது

கணபதிப் பகுதியில் எங்கள் தெருமுனையில் ஒரு லேத் பட்டறை. அதை ஒட்டி ஒரு கூடம், ஏறிப் போகப் படிகள். முட்டி வலிக்காரர்களுக்கு வகுப்பு நடத்தப் படி வைத்த இடமாகப் பார்த்துப் பிடித்த புத்திசாலி யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் வகுப்பு நல்ல வகுப்பு. வயதானவர்கள் கீழே விழாமல் எழவும் நடக்கவும் திரும்பவும் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். காசு கிடையாது.

காசு கிடையாது என்றாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். சும்மா கொடுக்கிற பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஆள் நான். முதல் நாளே பயிற்சி கொடுக்கிற பெண்ணைப் பிடித்துக்கொண்டேன். அவினாசிப் பக்கத்துப் பெண், பிசியோதெரபி படித்தவள்.

"ஏனம்மணி, உனக்குச் சம்பளம் யாரு தர்றாங்க?"

"இப்போதைக்கு ஒரு கம்பெனி தருதுங்கம்மா. வருசக் கடைசில உங்க காலெல்லாம் தேறியிருந்தா, அரசாங்கம் அந்தப் பணத்தைக் கம்பெனிக்குத் திருப்பிக் குடுக்கும். தேறலீன்னா குடுக்காது. அப்புறம் கம்பெனியும் வகுப்பை மூடிப்போடுங்க."

"தேறுச்சா இல்லையான்னு யாரு சொல்றது? நீயா?"

"நான் சொன்னா ஒத்துக்குவாங்களா? வெளியாளு ஒருத்தங்க வந்து அளப்பாங்க."

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. விற்கிறவர் தராசில் நிறுக்காமல் வேறு தராசில் நிறுக்கிறார்கள். வேலையைப் பார்த்துவிட்டுக் கூலி கொடுக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் தண்ணீருக்குப் போர் போட வந்த வண்டிக்காரர் புகையும் புழுதியும் மட்டும் வந்த குழிக்கும் அடிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு போனவர். இந்தச் சட்டம் அப்போதே இருந்திருந்தால் நான் அந்த வண்டியைக் காம்பவுண்டு கேட்டைத் தாண்ட விட்டிருக்க மாட்டேன். என் கால் யாருக்கோ வெள்ளாமை ஆகப்போகிறது என்பது மட்டும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

எனக்கு அந்த வகுப்பு வேண்டியிருந்தது. பல்லடத்தில் என் தங்கை கோழிப்பண்ணை வைத்திருக்கிறாள். அவளைப் பார்க்க பஸ் ஏற வேண்டும். பஸ் படி என் முட்டிக்கு எட்டவில்லை. "ஞாயித்துக்கிழமை கார்ல கூட்டிட்டுப் போறேம்மா" என்பான் மகன். அவனுடைய ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று காலண்டருக்கே தெரியாது. தங்கையைப் பார்க்க இன்னொருவர் தயவை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க நான் பிறக்கவில்லை.

வகுப்பில் சேர்ந்த பிறகுதான் பார்த்தேன், என் சம்பந்தியும் அங்கே உட்கார்ந்திருந்தார். மருமகளின் அம்மா. அடுத்த வீதிதான். பேரனுடைய காதுகுத்து விருந்தில் என் தங்கையை இரண்டாம் பந்திக்குத் தள்ளி உட்கார வைத்தவர். அன்று முதல் எங்கள் இருவருக்கும் பேச்சு இல்லை. சண்டையும் இல்லை. மருமகள் நடுவில் நின்று இந்தப் பக்கத்துச் சேதியை அந்தப் பக்கம் சொல்வாள், குடும்பம் ஒழுங்காக நடந்தது.

முதல் அளவுக்கு நாள் குறித்தார்கள். சென்னையிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள், கையில் ஒரு கடிகாரம். நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் எழ வேண்டும். சுவர் ஓரத்துக் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதுதான் அளவு. இன்று பிடித்ததைவிடக் கடைசியில் குறைவாகப் பிடித்தால் கால் தேறியதாக அர்த்தம்.

எங்கள் ஊரில் அந்நியர் ஒருவர் வந்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், நல்லா இருக்கேனுங்க என்றுதான் சொல்வோம். காய்ச்சலில் படுத்திருந்தாலும் அப்படித்தான். அதுவும் சென்னையிலிருந்து ஒருத்தி மெனக்கெட்டு வருகிறாள். அவள் முன்னால் நொண்டிக் காட்டுவதா? ஆளாளுக்கு நல்ல சேலையாக எடுத்து உடுத்தி, முட்டிக்குத் தைலம் தேய்த்து, மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தோம். ஒருவரும் இன்னொருவரிடம் சொல்லவில்லை. கூடம் முழுக்கத் தைல வாசனை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

எனக்கு முன்னால் சம்பந்தி போனார். கம்பீரமாகத்தான் நடந்தார். அதைப் பார்த்த பிறகு நான் நடப்பதா? ஓடினேன் என்றே சொல்லலாம். மறுநாள் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. "எங்கம்மாவும் படுத்தேதான் இருக்குதுங்கத்தை" என்று மருமகள் சொன்னபோது கஞ்சி கொஞ்சம் ருசியாக இறங்கியது.

அதற்கப்புறம் மாதக்கணக்கில் பயிற்சி. முட்டிகளுக்கு நடுவே பந்தை வைத்து அழுத்துவது, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, காலை அகட்டி வைத்துத் திரும்புவது. பக்கத்துப் பட்டறையில் இரும்பு கடையும் சத்தம், இங்கே எங்கள் முட்டிச் சத்தம். எது எந்தச் சத்தம் என்று கேட்டுச் சிரிப்போம். கொஞ்சம் கொஞ்சமாகக் கால் என் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. குளியலறைக்குச் சுவரைப் பிடிக்காமல் போனேன். பிறகு ஒரு நாள், வீட்டில் யாரிடமும் கேட்காமல் பஸ் ஏறிப் பல்லடம் போய் இறங்கினேன். தங்கை கோழித் தீவனக் கையோடு ஓடிவந்தாள்.

"யாரு கூடக்கா வந்தே?"

"என்ற காலு கூட வந்தேன்."

இடையில் ஒரு தடவை அளந்து பார்க்க அந்தச் சென்னைப் பெண் மறுபடி வந்தாள். இந்தத் தடவை அவள் அந்நியம் இல்லை, எங்கள் வீட்டுக்கு வந்து போன பிள்ளை மாதிரி. கோட்டுக்குப் பக்கத்தில் கடிகாரத்தோடு நின்றாள். நான் நன்றாகத்தான் எழுந்தேன், நன்றாகத்தான் நடந்தேன். ஆனால் ஒரு பெண் எதிரே நிற்கும்போது வாங்க என்று சொல்லாமல் எப்படித் திரும்புவது?

"வாங்க கண்ணு. எப்ப வந்தீங்க? இப்பிடி எளைச்சுப் போயிட்டீங்களே. சாப்பிட்டீங்களா?"

"நடங்கம்மா, நடங்க."

"நடக்கறேன் சாமி, நீங்க முதல்ல சொல்லுங்க."

என்னை மட்டும் சொல்லக் கூடாது. எல்லாருமே நின்றார்கள். தெலுங்கு பேசுகிற வீட்டு அம்மா ஒருவர் தம் பேத்தி சென்னையில் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று வழியே சொல்லிவிட்டுத்தான் திரும்பினார். சம்பந்தி முந்தானையில் முடிந்து வைத்திருந்த முறுக்கை அவிழ்த்துக் கொடுத்தார். கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சென்னைப் பெண் போன பிறகு எங்கள் பயிற்சிப் பெண் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாருமே முதல் நாளைவிட மெதுவாயிட்டீங்கம்மா. வகுப்புக்கு வந்து காலு மோசமாப் போச்சுன்னு கணக்காகுது. கடைசி அளவும் இப்படியே வந்தா மூடிப்போடுவாங்க."

"மோசமா? நான் தனியாப் பல்லடம் போயிட்டு வந்தேன் அம்மணி."

"பல்லடம் போனது கணக்குல வராதுங்கம்மா."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பஸ் படி ஏறியது என் கால், இறங்கியது என் கால், கணக்கில் வராது என்று சொல்லக் கடிகாரம் யார்? ஆனால் வேறு தராசு வேண்டும் என்று தலையாட்டியவளும் நான்தான். தராசு நமக்குச் சாதகமாக நிறுத்தால்தான் ஒத்துக்கொள்வேன் என்றால் அது நியாயம் ஆகாது.

முதல் நாள் மாத்திரைச் சமாச்சாரமும் அப்போதுதான் வெளியே வந்தது. பயிற்சிப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்கம்மா, வலிக்குதுன்னு காட்டறதுக்குத்தானுங்க அந்த அளவே."

"வந்தவங்ககிட்ட வலிக்குதுன்னு சொல்லுவாங்களா? என்ன பேசறே நீ?"

எழுதியதை அழிக்க முடியாது. மாத்திரை போட்டு ஓடிய அந்த ஓட்டத்தை, மாத்திரை இல்லாமல் முந்த வேண்டும். "மறுபடி மாத்திரை போட்டுக்கலாமே" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். "போட்டீங்கன்னா நானே சொல்லிப்போடுவேன்" என்றாள் அந்தப் பெண். நல்ல பிள்ளை. "உங்க காலு முந்துங்கம்மா, எனக்குத் தெரியும். வாயைத்தானுங்க அடக்கோணும்" என்றாள்.

அதன் பிறகு எங்களுக்கு நடந்தது மரியாதை கெட்டவர்களாக ஆகிற பயிற்சி. ஒருவர் நடப்பார், மற்றவர்கள் வழியில் நின்று வாங்க, சௌக்கியமா, மகன் எப்படி என்று கேட்பார்கள். பதில் சொல்லாமல் போக வேண்டும். பயிற்சியிலேயே அதுதான் கடினம். தெலுங்கு வீட்டு அம்மா பதில் சொல்லவில்லை, ஆனால் நின்று கும்பிட்டார். இன்னொருவர் கோட்டைத் தாண்டிப் போய், கேட்டவரின் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் தோற்றுக்கொண்டேதான் இருந்தேன்.

ஒரு நாள் அந்தப் பெண் விஷயம் தெரியாமல் கோட்டருகே என் சம்பந்தியை நிறுத்திவிட்டாள். நான் எழுந்தேன், போனேன், திரும்பினேன், உட்கார்ந்தேன். கண் சுவரில், உதடு ஒட்டியபடி.

"அம்மா, எப்பிடீங்க இது? இவ்வளவு வெசையா யாருமே வந்ததில்லீங்க."

கூடம் சிரித்தது. சம்பந்தி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவியளுக்கு அது பழக்கமுங்க" என்றார், பயிற்சிப் பெண்ணிடம்.

"பழக்கிவிட்டது யாருன்னு கேளு அம்மணி" என்றேன் நானும், பயிற்சிப் பெண்ணிடம்.

அவள் கெட்டிக்காரி. அதன் பிறகு நான் நடந்தால் அவர் எதிரே, அவர் நடந்தால் நான் எதிரே என்று வைத்துவிட்டாள். மற்றவர்கள் எங்களைப் பார்த்துப் பார்த்து முகத்தைத் திருப்பக் கற்றுக்கொண்டார்கள்.

கடைசி அளவு நாள் வந்தது. மாத்திரை இல்லை, தைலம் இல்லை. விசாரிப்பதெல்லாம் அளவு முடிந்த பிறகுதான், உள்ளே யாரும் மூச்சு விடக் கூடாது என்று கட்டளை. சென்னைப் பெண் படியேறி வந்தாள். கழுத்தில் புதுத் தாலி. மஞ்சள் கூட மங்கவில்லை.

இதைவிடச் சோதனை ஒரு கூடம் நிறைந்த பெண்களுக்கு வேண்டுமா? மாப்பிள்ளை யார், எந்த ஊர், எங்களுக்கு ஏன் பத்திரிகை இல்லை. கேள்வி ஒவ்வொருவர் தொண்டையிலும் நின்றது. ஒவ்வொருவராக எழுந்து, அந்தத் தாலியை நோக்கி நடந்து, அதைப் பார்த்து, பல்லைக் கடித்துத் திரும்பினோம். தெலுங்கு வீட்டு அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, ஆனால் நிற்கவில்லை. நான் சம்பந்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போய்த் திரும்பினேன். என் நடையைப் பற்றி நானே சொல்லக் கூடாது, நன்றாக இருந்தது.

கடைசி ஆள் சம்பந்தி. கோட்டுப் பக்கம் நான். எழுந்தார், வந்தார், கோட்டை மிதித்தார், திரும்பும்போது உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. என் கை தானாக நீண்டது. தொட்டால் அந்த நடை செல்லாது. பயிற்சிப் பெண் என்னைப் பார்த்தாள், அவள் முகத்தில் வகுப்பின் கதியே தெரிந்தது. கையை இழுத்துக்கொண்டேன். அவர் விழுந்தால் மருமகளிடம் என்ன சொல்வேன் என்று அந்த நொடிக்குள் என்னென்னவோ ஓடியது. சம்பந்தி விழவில்லை. சொல்லிக்கொடுத்தபடியே காலை அகட்டி வைத்தார், உடம்பை நிமிர்த்தினார், அடி வைத்துத் திரும்பினார், நடந்துபோய் உட்கார்ந்தார். பழைய கால்கள் என்றால் அன்று ஆஸ்பத்திரிதான்.

சென்னைப் பெண் எழுதியதைக் கூட்டிப் பார்த்தாள். பட்டறைச் சத்தம் கூட அப்போது நின்றிருந்தது. பயிற்சிப் பெண்ணிடம் ஏதோ காட்டினாள். ஒரு சிலரால் முந்த முடியவில்லை, மற்ற எல்லாரும் முந்திவிட்டோம், அது போதுமாம்.

"வகுப்பு இருக்குதுங்கம்மா. அடுத்த வருசமும் இருக்குது." சொல்லிவிட்டுப் பயிற்சிப் பெண் அழுதாள், எங்கள் கால் தேறியதற்கு.

சென்னைப் பெண் கடிகாரத்தைப் பைக்குள் போட்டு மூடினாள். "இப்பப் பேசலாங்க" என்றாள்.

அவ்வளவுதான். மாப்பிள்ளைக்கு என்ன வேலை, மாமியார் எப்படி, சாப்பிட்டாயா என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அவளை நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றி நின்றுகொண்டார்கள். எனக்கு அந்தப் பக்கம் இடம் கிடைக்காமல், பெஞ்சில் உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"சித்த நகந்து உக்காருங்க" என்றார் சம்பந்தி. மருமகள் வழியாக இல்லை, நேராக என்னிடம்.

நகர்ந்தேன். நான் விட்டுக்கொடுத்த இடத்தில்தான் ஃபேன் காற்று வந்துகொண்டிருந்தது என்பதை அவர் கவனித்தாரா தெரியவில்லை. நான் சொல்லிக்காட்டவில்லை.