தெற்கே போனால் மட்டும் சத்தம் போட்ட கார்

யுத்த காலத்தில் தூத்துக்குடியில் எங்கள் தெருவுக்கு ஒரே கார் எங்களுடையதுதான். கப்பல் கம்பெனி வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது அப்பாவுக்கு விற்றுவிட்டுப் போன கிழட்டு வண்டி. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தபிறகு அது கொட்டகையில் நின்று பெரும்பாலும் கோழிகளுக்குத்தான் உபயோகப்பட்டது. அந்தக் கோழிகளை விரட்டிவிட்டு அப்பா திரும்பத் திரும்ப வண்டியை வெளியே எடுத்தது அத்தைக்காக.

அப்பாவின் தங்கையான அத்தை சாத்தான்குளத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. முழங்கைக்கு மேலே நீளமாக ஒரு தீக்காயம். பணியாரம் சுடும்போது எண்ணெய் தெறித்துவிட்டது என்றாள். பணியாரம் இவ்வளவு ஆபத்தான பலகாரமா என்று கவலைப்பட்டேன், தின்பதை நிறுத்தவில்லை.

மாமா வீட்டிலிருந்து அழைத்துப் போக ஆள்மேல் ஆள் வந்தது. "நானே கொண்டாந்து விடுதேன்" என்று அப்பா சொல்லி அனுப்பினார். கட்டிக்கொடுத்தவளை அனுப்ப மாட்டேன் என்று ஓர் அண்ணன் வாய்விட்டுச் சொன்னால் இரண்டு குடும்பத்துக்கும் உறவு அன்றோடு சரி. அதனால் அந்த வார்த்தையை யாரும் சொல்வதில்லை.

நல்ல நாள் பார்த்துக் கிளம்பினோம். ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்கள் கண்ணில் பட்டதும் எஞ்சினுக்குள் சத்தம் ஆரம்பித்தது. யாரோ உள்ளே உட்கார்ந்து பித்தளைச் சட்டியைக் கரண்டியால் அடிக்கிற மாதிரி. அப்பா நிறுத்தினார். மூடியைத் திறந்து, கண்களை மூடிக்கொண்டு, கச்சேரி கேட்கிறவரைப் போல வெகுநேரம் நின்றார். "சரியில்லையே" என்றார். தடங்கல் வந்த பயணத்தைத் தொடரக் கூடாது. வீடு திரும்பி அடுத்த நல்ல நாளுக்குக் காத்திருக்க வேண்டும். திரும்பினோம். வழி நெடுக ஒரு முனகல்கூட இல்லை.

மறுநாள் தெருவே வந்து எஞ்சினுக்குக் காது கொடுத்தது. துறைமுகத்தில் லாஞ்சு ஓட்டுகிறவர், கோளாறு எஞ்சினின் வயிற்றில் என்றார். உப்பளத்துக்காரர் உப்புக்காற்று அரித்துவிட்டது என்றார். சங்கு வியாபாரம் பண்ணும் அண்ணாச்சி காதை வைத்து, கடல் இரைகிறது என்றார். எதில் காது வைத்தாலும் அவருக்கு அதுதான் கேட்கும். மற்றபடி யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாவது தடவையும் அதே கொடிக்கால், அதே சட்டி, அதே கரண்டி. எனக்குத் தலை சுற்றியது. யோசித்து யோசித்து நானே ஒரு முடிவுக்கு வந்தேன்: தெற்கே திரும்பினால் மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று எஞ்சினுக்குள் புகுந்துவிடுகிறது. அப்பாவிடம் சொன்னபோது அவர் பூரித்துப்போனார். "அதாம்லே! அதேதான்!" மாமா வீட்டு ஆளிடமும் அதையே காரணமாகச் சொல்லி அனுப்பினார். என் வாழ்க்கையில் என் கருத்து ஒன்று மறுபேச்சில்லாமல் ஏற்கப்பட்டது அந்த ஒரு முறைதான்.

கச்சான் காற்றைக் கேள்விப்பட்டதும் மாமாவின் அண்ணன், பெரிய மாமா, தானே புறப்பட்டு வந்துவிட்டார். மூன்றாம் பயணத்தில் முன்சீட்டில் அவர். பின்னால் அத்தையும் நானும் டிரங்குப் பெட்டியும். ஆத்தூர் வந்தது. சத்தமும் வந்தது.

பெரிய மாமா இறங்கி எஞ்சினில் காது வைத்தார். நின்ற வண்டியில் சத்தம் இல்லை.

"வேய், உம்ம காரு கிடக்கட்டும். தங்கச்சிய எறங்கச் சொல்லும். இப்பம் கரியில ஓடுத பஸ் வரும், நான் கூட்டிட்டுப் போறேன்."

"தடங்கல் ஆயிட்டுல்லா, அண்ணாச்சி..."

"தடங்கல் உம்ம காருக்குத்தான். பஸ்ஸுக்கு என்ன தடங்கல்?"

அப்பா திறந்த மூடிக்குள் குனிந்துகொண்டார். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் பதிந்தது. பஸ் என்றால் அத்தைக்கு வாந்தி வருமோ என்று நினைத்தேன். காரைக் குணப்படுத்திவிட்டால் அவள் சௌகரியமாகப் போகலாமே! ஸ்டியரிங் நடுவில் மீசை மாதிரி இரண்டு கம்பிகள் உண்டு. அவற்றில் ஒன்றை அப்பா தொடுவதை நான் மூன்று பயணமும் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்; அதையும் சத்தத்தையும் சேர்த்துப் பார்த்தது அப்போதுதான்.

"அப்பா, அந்தக் கம்பியக் கீழ இழுத்தாத்தான சத்தம் வருது? மேல தள்ளிருங்க, நின்னுரும்!"

எஞ்சினுக்குள் தீப்பொறி விழும் நேரத்தை மாற்றுகிற கம்பி அது. அளவுக்கு மேல் இழுத்தால் குறையில்லாத எஞ்சினும் அலறும் என்று பின்னாளில் ஒரு மெக்கானிக் எனக்கு விளக்கினார். பெரிய மாமாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கம்பியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

அப்பா மூடியை இறக்கி, கொக்கியை மாட்டினார்.

"பய சொல்லுதது சரிதான். காருக்கு ஒண்ணுமில்ல, அண்ணாச்சி. எனக்குத்தான் அனுப்ப மனசில்ல. அவ கையப் பாத்த பொறவு எப்படி அனுப்ப?"

"அப்பம் எங்க உறவே வேண்டாங்கீரு?"

"ஆமா."

பெரிய மாமா குடையை எடுத்துக்கொண்டு பஸ் வருகிற திசையில் நடந்தார். அப்பா வண்டியைத் திருப்பினார்.

"அதான் சரியாயிட்டே, பொறவு ஏன் திரும்புதோம்?" என்று கேட்டேன். பக்கத்தில் அத்தை முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அப்படி ஒரு சிரிப்பு எதற்கென்று விளங்கவில்லை, ஆனால் தொற்றிக்கொண்டது. வீடு வரும்வரை நானும் அவளோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே வந்தேன்.