வில்ஃப் விழுங்கிய வார்த்தை

பார்ன்ஸ்லி பஸ் டிப்போவில் என்னோடு வண்டி ஓட்டிய வில்ஃப் ஆக்ஸ்லிக்கு 'லவ்' இல்லாமல் ஒரு பேச்சும் முடியாது. எங்கள் யார்க்‌ஷயர் பக்கம் 'கண்ணு' என்பது மாதிரி எல்லார் வாயிலும் வருவதுதான், அவனுக்குக் கொஞ்சம் கூடுதல். கிழவி ஏறினால், "மெதுவா, லவ்." குடிகாரன் ரகளை செய்தால், "இறங்குறியா, இல்ல இறக்கிவிடவா, லவ்?" குறுக்கே வந்த லாரிக்காரனிடம், "கண்ண எங்க வச்சிருக்க, லவ்?" புருஷனைப் புதைத்துவிட்டு வந்த பெண்ணிடம் டிக்கெட் கேட்காமல், "உட்காரு, லவ்." ஆண், பெண் பேதம் கிடையாது. இத்தனை பெரிய மீசை வைத்திருக்கிற என்னையும் அப்படித்தான் கூப்பிடுவான்.

மனைவி இறந்த பிறகு மகன் ஏட்ரியனை ஒற்றை ஆளாக வளர்த்தான். பையன் படித்து லண்டனில் வக்கீலாகி, ஒரு நீதிபதியின் மகளைக் கல்யாணம் செய்வதாக இருந்தான். பெண் வீட்டு விருந்தில் வில்ஃப் அந்த நீதிபதியைப் பார்த்து, "உப்ப இப்படித் தள்ளு, லவ்" என்றிருக்கிறான். அந்த ஊரில் அது காதலர்கள் பேச்சு. மேஜையே சிரித்தது. நீதிபதியும் சிரித்துக்கொண்டே உப்பைத் தள்ளினார். ஏட்ரியனுக்கு மட்டும் காது சிவந்துவிட்டது. வாசலுக்கு வந்ததும், "அப்பா, கல்யாணத்துல அந்த வார்த்தைய மட்டும் விட்டுடுங்க. மானம் போகுது" என்றானாம்.

இதை டிப்போ கேன்டீனில் என்னிடம் சொன்னபோது வில்ஃப் டீயைத் தொடவே இல்லை.

"இத்தன வருஷமா அவனுக்கு அசிங்கமா இருந்திருக்கு, நார்மன். பள்ளிக்கூட வாசல்ல, அவன் சிநேகிதங்க முன்னாடியெல்லாம் கூப்பிட்டிருக்கேனே. எனக்கு உறைக்கவே இல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவன் காதைத் திருகுறத விட்டுட்டு நீ எதுக்குய்யா தலையத் தொங்கப்போடற?"

கல்யாணத்துக்கு நானும் போனேன். வில்ஃப் வாயே திறக்கவில்லை. எதைப் பேசினாலும் கடைசியில் அது ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்று பயம். கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினான். மணப்பெண் வந்து கட்டிக்கொண்டபோது வாய் திறந்தது, உடனே மூடிக்கொண்டது.

பெண்ணின் அம்மா ஏட்ரியனையே கேட்டுவிட்டாள். "உங்கப்பாவுக்கு எங்களப் பிடிக்கலையா? அன்னிக்கு அவ்வளவு கலகலன்னு பேசினாரே!"

சாயங்காலம் டாக்ஸி வந்தது. ஏட்ரியன் வழியனுப்ப வாசல் வரை வந்தான். வில்ஃப் கையை நீட்டினான்.

"நல்லா இரு, ஏட்ரியன்."

பிறந்ததிலிருந்து அப்பா வாயால் அந்தப் பெயரை மொட்டையாக அவன் கேட்டதில்லை. பிடித்த கையை விடாமல் நின்றான்.

"அவ்வளவுதானாப்பா?"

வில்ஃப் திருடன் மாதிரி பின்னால் திரும்பிப் பார்த்தான். பக்கத்தில் நின்ற என்னைத் தவிர யாரும் இல்லை. மகன் காதோரம் குனிந்து, "போயிட்டு வரேன், லவ்" என்றான். சொன்ன கையோடு முகம் வெளுத்துவிட்டது.

"யாருக்கும் கேட்டிருக்காதுல்ல?"

கல்யாணக் கோட்டோடு வெட்கிப்போய்த் தரையைப் பார்த்து நின்ற ஏட்ரியனை, நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று வந்திருந்த நான் ஒன்றும் கேட்கவில்லை.