பிரசவத்துக்குத் தயாரான அறை

தலைப்பிரசவத்துக்கு விழுப்புரத்துப் புகுந்த வீட்டிலிருந்து திண்டிவனத்துக்கு வந்தபோது, எனக்கென்றே அப்பா ஓர் அறையைத் தயார் செய்து வைத்திருந்தார். சுவர் முழுக்க இளஞ்சிவப்பு பெயிண்ட். தரையிலிருந்து கூரைவரை பிளைவுட் அலமாரி. கதவுகளைத் திறந்து திறந்து காட்டினார். பசை நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. "சூப்பரா இருக்குதுப்பா" என்றேன். வேறென்ன சொல்வது?

பிரசவம் முடிந்து குழந்தையோடு அந்த அறைக்குள் போனதும் அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டாள். பச்சை உடம்புக்குக் காற்று ஆகாதாம். எனக்குக் கண் எரிந்தது, தலை விண்விண்ணென்று தெறித்தது. திறக்கச் சொன்னால், "காதுல பஞ்ச வெச்சிக்கினு கம்முனு படு" என்பாள். நெடி அடிக்கிறது என்றேன். அதற்குச் சாம்பிராணி போட்டாள். சாத்திய அறைக்குள் நெடியோடு புகையும் சேர்ந்துகொண்டது. பெற்றவர்களே பிரியமாக ஜெயிலில் போட்டால் யாரிடம் போய்ப் புகார் சொல்வது? அழுகை அழுகையாக வந்தது.

நான் எப்படியோ போகிறேன். குழந்தை பாலை நடுவில் விட்டுவிட்டு இருமத் தொடங்கியது. மூச்சு கர்கர்ரென்றது. எனக்கு உயிரே போய்விட்டது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

குழந்தையின் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்துப் பார்த்த டாக்டரம்மா, "வீட்ல புதுசா பெயிண்ட், மரவேலை ஏதாவது பண்ணீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றார் அப்பா.

அப்பா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பண்ணியிருக்காங்க டாக்டர். ரூம் பூராவும். ஜன்னலும் தொறக்கறதில்ல" என்றேன்.

பெயிண்டும் பிளைவுட் பசையும் மாதக்கணக்கில் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும், அந்த அறையில் குழந்தை வேண்டவே வேண்டாம் என்று சொல்லி மருந்து எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அலமாரியைக் கழற்றத் தொடங்கினார். ஒவ்வொரு பலகையாக மாடிக்குச் சுமந்துபோய் வெயிலில் சாய்த்தார். கூடத்தில், திறந்த வாசற்கதவுக்கு நேரே எனக்குப் பாய் விரித்தாள் அம்மா. அங்கே படுத்த பிறகு குழந்தையின் இருமல் மெல்ல மெல்லத் தணிந்தது.

கடைசிப் பலகையை வைத்துவிட்டு வந்த அப்பா கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"வசதியா இருந்தா நீ இன்னும் கொஞ்ச நாள் இருப்பன்னு நெனச்சிக்கினு பண்ணேம்மா."

நான் குழந்தையை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

அவர் இரண்டடி பின்னால் போனார்.

"வேணாம்மா. சட்டையெல்லாம் அந்த நெடி அடிக்குது."